இரண்டாம் பக்கம்

ரெட்டியார்சத்திரம்
18.1.2001

அன்புள்ள பேரன் செழியனுக்கு அப்பத்தா மூக்காயி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தைக் கப்பல்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போய் இறங்கியதும் எழுது.

நீ சொன்னபடி இதை ஐதராபாத் ஆபீசுக்கு அனுப்புகிறேன். முகவரியை நானே இங்கிலீஷ் எழுத்தில் பார்த்து எழுதினேன். தபால்காரர் ராயப்பராஜ் பார்த்துவிட்டு, "யாரு பெரியம்மா எழுதிக் கொடுத்தது?" என்றார். "அஞ்சாங்கிளாஸ் மூக்காயி எழுதுனது, ஒட்டிக் கொண்டு போ" என்றேன்.

தாத்தா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். உன் அப்பனும் ஆத்தாளும் இருந்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது. "எனக்குக் கிட்னி ரெண்டும் போய்க்கிட்டு இருக்கு. இருக்கது ஒரே பேரன். அவன் பனிக்கட்டியில போய் உக்காந்துக்கிட்டா எனக்குக் கொள்ளி வைக்க எவன் வருவான்?" என்று நீ கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டது உன் காதிலும் விழுந்திருக்கும். அதற்குத்தான் அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஏதாவது ஆனால் அரசாங்கத்தைக் கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்ததே, அது. நான் போட்டேன். போட்டதை நான் மாற்றிப் பேசுகிறவள் இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
அப்பத்தா

*

பனி நிலையம்
5.2.2001

அன்புள்ள அப்பத்தாவுக்கு, நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கால் வலி எப்படி? தாத்தாவுக்குக் காலில் நீர் கோத்திருந்ததே, வடிந்ததா?

உன் கடிதம் வந்தது. ஐதராபாத்தில் அதை பேக்ஸ் இயந்திரத்தில் விட்டால் வானத்து வழியாக இங்கே இன்னொரு தாளில் அச்சாகி விழுகிறது. எந்த நிறத்தில் எழுதினாலும் இங்கே கறுப்பாகத்தான் விழும். நான் எழுதுவதும் அப்படியே அங்கே போய், அவர்கள் உனக்குத் தபாலில் போடுவார்கள். மாதம் ஒன்றோ இரண்டோதான் முடியும்.

இங்கே நாங்கள் இருபத்து நான்கு பேர். நிலையத்திலிருந்து முந்நூறு அடி தள்ளிப் பாறைக்குள் ஒரு சின்ன அறை. அதில்தான் நில நடுக்கத்தைப் பதியும் கருவி இருக்கிறது. உருளையில் தாள் சுற்றியிருக்கும். அதன் மேல் ஒரு ஊசி கோடு போட்டுக்கொண்டே இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் போய்த் தாளை மாற்றி, கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டால் அந்த நாள் உலகத்தில் நடந்தது எங்களிடம் இல்லாமல் போகும். பூமியின் இந்தத் தென்துருவப் பக்கத்தில் கருவிகள் மிகக் குறைவு, அதனால்தான்.

குஜராத்தில் நிலம் ஆடியது உனக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஆடிப் பதினான்கு நிமிஷத்தில் எங்கள் ஊசி ஆடியது. யாருக்கு என்ன ஆனது என்று ஊசி சொல்லாது. அது மறுநாள் ரேடியோவில் தெரிந்தது.

மாதக் கடைசியில் கப்பல் திரும்பிவிடும். பிறகு டிசம்பர் வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. தாத்தாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்
செழியன்

*

ரெட்டியார்சத்திரம்
9.3.2001

அன்புள்ள செழியனுக்கு, அப்பத்தா எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு கமர்ஜஹான் முதற்கொண்டு ஆறு பேருக்கு வாசித்துக் காட்டினேன். வீரன் மட்டும் நொட்டை சொன்னான். உன் தாத்தாவின் தம்பி மகன் வேறு எப்படி இருப்பான். "ஏன் பெரியாத்தா, அம்புட்டுப் பெரிய மெசினு வச்சிருக்கான், குஜராத்துக்காரனுக்கு முந்தின நாளே ஒரு போனு போட்டுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான். "நீ போன வருசம் வெங்காயம் வெலை விழுகும்னு முந்தின நாள் சொன்னியா? வித்தப்புறம்தானடா தலையில கைய வச்ச" என்றேன்.

திண்டுக்கல்லுக்குத் தாத்தாவைக் கூட்டிப்போனேன். டாக்டர் இருதயநாதன் மதுரைக்குப் போய் வாரம் மூன்று தடவை இரத்தத்தைக் கழுவ வேண்டும் என்கிறார். "என் ரத்தத்துல அம்புட்டு அழுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தாத்தா எழுந்து வந்துவிட்டார்.

உன் கடிதத்தை அவருக்கும் வாசித்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டார். ஊசி வருகிற இடத்தில், "அதை இன்னொருக்கா படி" என்று சுவரிடம் சொன்னார். படித்தேன். உனக்கு என்ன எழுத என்று கேட்டேன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்படிக்கு,
அப்பத்தா

*

பனி நிலையம்
14.4.2001

அன்புள்ள அப்பத்தாவுக்கு, நான் நலம். நீயும் தாத்தாவும் நலம் என்று அடுத்த கடிதத்தில் பார்க்க வேண்டும்.

வெயில் குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த மாதக் கடைசியில் சூரியன் வராமல் போகும், இரண்டு மாதத்துக்கு. காற்று அடிக்கும் நாளில் கருவி அறைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கையை நீட்டினால் விரல் தெரியாது.

இங்கே ஒரு சங்கடம். குளிர் கூடும்போது பனிப்பாளம் வெடிக்கும். ஊசி அதையும் எழுதிவிடும். எது பனி வெடித்தது, எது நிலம் அசைந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. பனி வெடித்தால் கோடு சட்டென்று எழும்பி அடங்கிவிடும். தூரத்து நடுக்கம் அப்படி இல்லை, முதலில் சின்னதாக வந்து, நேரம் விட்டு, பெரியது பின்னால் வரும். முதலில் வந்ததை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. போன வாரம் நான் அவசரப்பட்டு ஒன்றைத் தப்பாக எழுதி, ஐதராபாத்தில் திருத்தினார்கள்.

தாத்தா ஒரு வரி சொன்னால் போதும். திட்டினாலும் அப்படியே எழுது.

உன்
செழியன்

*

ரெட்டியார்சத்திரம்
7.5.2001

அன்புள்ள செழியனுக்கு, அப்பத்தா எழுதிக்கொண்டது. என் கால் வலி அப்படியேதான். நீ கயிற்றை விடாமல் பிடி.

இன்று உன் தாத்தாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, ஆள் அடையாளம் தெரியவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டோம். எல்லாரும் வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால்

(இரண்டாம் பக்கம்)

எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்களைப் பார்த்து, "எதுக்கு இம்புட்டுக் கூட்டம்? வந்ததுக்குக் களையாச்சும் எடுத்துட்டுப் போங்க" என்றார். பிறகு என்னிடம், "எழுது" என்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்:

"ஏலே அப்பு, நிலத்துக்கு அடியில நடக்குறதை ஒங்க ஊசி எழுதுதாம்ல. தண்ணி எத்தனை அடியில கெடக்குன்னும் எழுதுமா? எழுதும்னா வாரப்ப ஒண்ணு கொண்டா. நம்ம தோட்டத்துல போர்க்காரன் எழுநூறு அடி போட்டும் புகைதான் வந்துச்சு. மத்ததை நீ வந்தப்புறம் பேசிக்கிருவோம். நான் இருப்பேன்."

இம்புட்டுத்தான் சொன்னார். எனக்கு இது ஒரு கல்யாணச் சேதி மாதிரி. அதனால் மஞ்சளைக் குழைத்து இரண்டு பக்கத்திலும் நாலு மூலையிலும் கெட்டியாகத் தடவியிருக்கிறேன். ஆபீஸ்காரர்களும் பார்த்தவுடன் நல்ல சேதி என்று தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
அப்பத்தா

*

பனி நிலையம்
18.6.2001

அப்பத்தாவுக்கு, நான் இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் மே பதினாறாம் தேதி வந்தது. ஒரு பக்கம் வந்தது. அது போதும். அதே நேரத்தில் பெருங்காற்றில் வானத்து வழியாக பேக்ஸ் வாங்கும் எங்கள் கம்பம் முறிந்து, இருபத்தாறு நாள் வெளியுலகத்தோடு பேச்சில்லை. அதனால்தான் பதில் தாமதம். சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய். மறுபடி எழுத வேண்டாம்.

நீ வீட்டில் தனியாகப் படுக்காதே. கமர்ஜஹான் அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். நீ கையெழுத்துப் போட்டதால்தான் இப்படி ஆனது என்று யாராவது ஏசினால் காதில் வாங்காதே. போனவன் நான். வீரன் சித்தப்பாவிடம் என் நன்றியைச் சொல்.

கருவி ஒழுங்காக ஓடுகிறது. ஒரு நாளும் தாள் தவறவில்லை.

செழியன்

*

ரெட்டியார்சத்திரம்
3.7.2001

செழியனுக்கு அப்பத்தா எழுதுவது. சுகம் விசாரிக்கிற மாதிரி உன் கடிதம் இல்லை, ஆனாலும் நான் விசாரிக்கிறேன். சுகமா?

உன் கடிதத்தில் தாத்தா என்கிற வார்த்தையே இல்லை. மூன்று தடவை தேடினேன். இது வரைக்கும் ஒரு கடிதம்கூட நீ அப்படி எழுதியதில்லை. அவர் வாய் திறந்து சேதி சொல்லியனுப்பிய பிறகு வந்த பதிலா இது? 'ஒரு பக்கம் போதும்' என்றால் என்ன அர்த்தம்? அந்த மனுஷன் சொன்னது உனக்கு வேண்டாததாகிவிட்டதா?

தபால் வந்ததும் அவரே எழுந்து உட்கார்ந்து, "என்னையப் பத்தி என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். நான் என்ன செய்ய? வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாளில் இல்லாததை வாசித்தேன். 'தாத்தா உடம்பு எப்படி, தண்ணீர் பார்க்கிற கருவி பற்றிப் பெரிய ஆபீசரிடம் கேட்டிருக்கிறேன்' என்று நீ எழுதியதாக வாசித்தேன். "ஆபீசருகிட்டயேவா கேட்டான்?" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு வாசிக்கத் தெரிந்ததற்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீரனுக்கு எதற்கு நன்றி? நம் வரப்பை இரண்டு அடி தள்ளிப் போட்டானே, அதற்கா?

உண்மையை எழுது.

அப்பத்தா

*

பனி நிலையம்
16.7.2001

அன்புள்ள அப்பத்தாவுக்கு, உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். தாத்தா இருக்கிறாரா? இருக்கிறார் என்று ஒரு வரி உடனே எழுது.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் உன் கடிதத்தின் முதல் பக்கம் வந்தபோதே இணைப்பு அறுந்துவிட்டது. இரண்டாம் பக்கம் வரவில்லை. வந்த பக்கத்தில் நாலு மூலையும் கறுப்பு. மூச்சு முட்டியது, சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், கஞ்சியோடு போய்ப் பார்த்தால் என்று நிற்கிறது. மூலையில் கறுப்புத் தடவி வந்தால் அது சாவு சொல்லும் கேதக் கடிதம். படித்ததும் கிழித்துவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது, மறுபடி கேட்டு வாங்கக் கூடாது. நீ சொல்லிக் கொடுத்ததுதான். கிழித்தேன். அதனால்தான் இரண்டாம் பக்கத்தை ஐதராபாத்தில் கேட்கவில்லை. எந்த நிறமும் கறுப்பாகத்தான் விழும் என்று உனக்கு எழுதியவனே நான்தான். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாம் செய்தேன். எங்கள் டாக்டர் ஸ்டான்லி, நாகர்கோவில்காரர், அவர்தான் மொட்டை அடித்துவிட்டார். இங்கே வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் சமையலறைப் புகைபோக்கிக்கு அடியில் ஒரு இரும்புத் தட்டில், சாமான் பெட்டியின் பலகைத் துண்டைக் கற்பூரத்தோடு வைத்து, திரும்பி நின்று தீ வைத்தேன். தெற்குப் பக்கம் எது என்று பார்க்க நினைத்தேன். இங்கிருந்து தெற்கே துருவம் வரைக்கும் பனிதான். டாக்டர் அவருடைய முறைப்படி ஒரு ஜெபம் சொன்னார். இந்த மண்ணில் நாங்கள் எதையும் விட்டுப்போகக் கூடாது என்பது சட்டம். சாம்பலையும் முடியையும் பையில் போட்டு, எண் எழுதி, கப்பலில் திரும்பும் குப்பைப் பெட்டியில் வைத்திருக்கிறது. பதினாறு நாளும் சமையல் முறை எனக்கு வந்தபோது வேறொருவரைப் பார்க்கச் சொன்னேன். கருவி அறைக்கு மட்டும் போனேன்.

கம்பம் சரியான அன்று மட்டும் போன் பேச விட்டார்கள். கமர்ஜஹான் அக்கா வீட்டு எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஊரில் கொள்ளிச்சட்டி எடுத்தது வீரன் சித்தப்பாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் அவருக்கு நன்றி எழுதினேன்.

உயிரோடு இருப்பவருக்குக் கொள்ளி வைத்துவிட்டேன். இதைத் தாத்தாவுக்கு வாசிக்காதே.

உன்
செழியன்

*

ரெட்டியார்சத்திரம்
9.8.2001

அன்புள்ள செழியனுக்கு, அப்பத்தா எழுதுவது. தாத்தா இருக்கிறார். தாத்தா இருக்கிறார். இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், ஒன்று அறுந்தாலும் ஒன்று வரட்டும் என்று. மஞ்சள் தடவியது என் தப்பு.

வாசிக்காதே என்று நீ எழுதியது கடைசியில் இருந்தது. நான் முதலிலிருந்து சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவள். கொள்ளி வரைக்கும் வாசித்த பிறகுதான் அதைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் தோள் குலுங்குகிறது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். "ஏ மூக்காயி, என்னைய உசுரோட எரிச்சுப்புட்டான்டி ஒம் பேரன்! சாம்பலு கப்பல்ல வருதாம்! நம்ம வம்சத்துல எவன் சாம்பலு கப்பல்ல போயிருக்கு?" என்றார். வேதக்காரர் ஜெபம் சொன்னதற்கும் கோபமில்லை. "எல்லாச் சாமிக்கும் தாக்கல் சொல்லியாச்சு" என்றார்.

மறுநாள் வீரனையும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரையும் கூப்பிட்டனுப்பினார். கடிதத்தை அவர்கள் முன்னால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு அவர் சொன்னது:

"கேட்டீகளா? எம் பேரன் எனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டான். மொட்டை, கொள்ளி, பதினாறு, எல்லாம் ஆச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு கொள்ளி கெடையாது. நான் போனா என்னையத் தோட்டத்துல பொதைச்சிருங்க. எவனும் கொள்ளிச்சட்டியத் தூக்கிக்கிட்டு வரக்கூடாது."

வீரனுக்கு முகம் செத்துவிட்டது. கொள்ளி வைத்தவனுக்குத் தோட்டத்தில் பாத்தியம் என்று பேசலாம் என அவன் நினைத்திருந்தான். "உசுரோட இருக்கையில வச்சது எப்படிப் பெரியப்பா செல்லும்?" என்றான். "நீ மட்டும் எப்படா சாவேன்னு உசுரோட இருக்கையிலதான கணக்குப் போட்ட? அது செல்லுதுல்ல?" என்றார். ராயப்பராஜையும் சாட்சிக்கு இழுத்தார். "பெரியவரே, ஒட்டுன தபாலைக் கொடுக்குறதுதான் எம் வேலை, உள்ள இருக்கதுக்கு நான் ஆளில்ல" என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினாறாம் நாள் விருந்துக்கு அங்கே என்ன வெஞ்சனம் என்று தாத்தா கேட்கிறார்.

அப்பத்தா

*

பனி நிலையம்
30.8.2001

அன்புள்ள தாத்தாவுக்கு, செழியன் எழுதுவது. முதல் தடவையாக உங்களுக்கே எழுதுகிறேன். வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது?

பதினாறாம் நாள் டப்பாவில் அடைத்த பட்டாணி, பருப்பு, அப்பளம், சேமியா பாயசம். இருபத்து நான்கு பேரும் சாப்பிட்டார்கள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். திண்டுக்கல் வெங்காயச் சந்தையில் தராசைப் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவீர்களே, அதைச் சொன்னேன்.

தண்ணீர் எத்தனை அடியில் என்று இந்த ஊசிக்குத் தெரியாது தாத்தா. அதற்கு வேறு கருவி இருக்கிறது. வாடகைக்குக் கொண்டு வரலாம். வந்து பார்க்கிறேன்.

சூரியன் வந்துவிட்டது. டிசம்பரில் நானும் வந்துவிடுவேன்.

செழியன்

*

ரெட்டியார்சத்திரம்
30.9.2001

அன்புள்ள செழியனுக்கு அப்பத்தா எழுதுவது. இந்தக் கடிதம் இரண்டு பக்கம். இரண்டும் வந்து சேர்ந்த பிறகு படி. மூலையில் எதுவும் தடவவில்லை.

தாத்தா புரட்டாசி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். சிரமப்படவில்லை. முந்தின நாள்கூட உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். பாயசம் வரைக்கும் கேட்டுவிட்டு, "சேமியாவா, தேவலையே" என்றார்.

வீரன் சட்டியோடுதான் வந்தான். பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தான். புதைப்பது நம் ஆட்களுக்கு வழக்கமில்லை, ஊர் என்ன சொல்லும் என்று சத்தம் போட்டான். அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் இருவர் அங்கே இருந்தும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான்தான் எழுந்து போனேன். "அவரு சொன்னது ஒனக்குக் கேக்கலைன்னா சொல்லு வீரா, இன்னொருக்கா வாசிக்கிறேன், எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றேன். ஒரு பெண்பிள்ளை துக்க வீட்டில் இப்படிப் பேசலாமா என்றார்கள். பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பிறகு அந்தப் பெரியவர்களில் ஒருவரே மண்வெட்டியை எடுத்தார். தோட்டத்தில் கிழக்கு ஓரம், வேம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது.

(இரண்டாம் பக்கம்)

உனக்கு ஒன்றை நான் எழுதாமலே விட்டிருந்தேன். நீ தூரத்தில் இருக்கிறவன், வேண்டாம் என்று விட்டேன். இனி எழுதலாம்.

உன் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தாத்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட டாக்டரிடம்தான் பேசினார், பஸ்ஸில் என் பக்கம் திரும்பவில்லை. உன் கடிதம் வந்தால் மட்டும் என்ன எழுதியிருக்கான், அதைப் படி, இதைப் படி என்பார். மே மாதம் உனக்குச் சேதி சொன்னாரே, அன்றைக்கும் 'எழுது' என்ற ஒரு சொல்தான் எனக்கு. மிச்சம் உனக்கு. நானும் இறங்கிப் போகவில்லை. போட்டது சரி என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் மூச்சு முட்டிக் கிடந்த அந்த இரண்டு நாளும், பேசாமலே போய்விடுவார் என்று பயந்தேன்.

நீ தவறுதலாக அவரை எரித்த கடிதம் ஆகஸ்ட் நாலாம் தேதி வந்தது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு. அதிலிருந்து வாய் ஓயவில்லை. கல்யாணமான புதிதில் வத்தலக்குண்டு சந்தைக்கு நடந்து போனது, உன் அப்பன் பிறந்தது, எல்லாம் பேசினோம். "நீ கையெழுத்துப் போட்டது சரிதான்டி" என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போகிற வரைக்கும் ஐம்பத்து மூன்று நாள்.

வெங்காயம் நட்டாயிற்று. மழை பரவாயில்லை. அடுத்தவரிடம் வேலையைச் சரியாக ஒப்படைத்துவிட்டு வா. அதற்கு முன்னால் கப்பல் ஏறாதே.

இப்படிக்கு,
அப்பத்தா மூக்காயி